ஆறாம் கட்டில் பிழை

மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவனுடைய மாமியார் கொஞ்சமும் தயங்காமல் "மாடல்" என்று சொல்லிவிடுவார். அதில் பொய் ஒன்றும் இல்லை. எந்த ஊர்க்காரர்கள் எந்த ஊருக்குக் குடிபெயர்வார்கள், பத்து வருஷம் கழித்து எந்தப் பகுதியில் எவ்வளவு பேர் இருப்பார்கள் என்று கணித்துச் சொல்லும் பொருளாதார மாடல்களைக் கம்ப்யூட்டரில் கட்டுவதுதான் திட்டத் துறையில் அவனுடைய உத்தியோகம். ஆனால் கேட்டவர்கள் அவன் தொந்தியையும் முன்வழுக்கையையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எந்தக் கடை விளம்பரத்தில் வருகிறார் என்று விசாரிப்பார்கள். "தலைக்குத் தடவுற எண்ணெய் விளம்பரமா இருக்கும். தடவறதுக்கு முன்னாடி படம் இவரோடது" என்று ஒரு சித்தப்பா சொல்லி, கல்யாண வீடே சிரித்தது. அன்றிலிருந்து அவன் பெயரே மாடல் என்று ஆகிவிட்டது. நாமும் அப்படியே கூப்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டான்.

அந்தச் சனிக்கிழமை மாடல் பஸ்ஸில் அக்காவின் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தான். போக மனசில்லாமல்தான் போனான்.

காரணம் அவன் எழுதிய ரிப்போர்ட். அவன் மாடல் ஒன்றும் மாயமந்திரம் இல்லை. பெரிய ஊர் சின்ன ஊரை இழுக்கும். தூரம் கூடக்கூட இழுப்பு குறையும். அங்கே கிடைக்கும் கூலியையும் அது கிடைப்பதற்கான வாய்ப்பையும் பெருக்கி, இங்கே கிடைப்பதோடு ஒப்பிட்டு, மூட்டை கட்டுகிற செலவைக் கழித்தால், ஒரு குடும்பம் கிளம்புமா கிளம்பாதா என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். போகிற இடத்தில் ஏற்கெனவே ஒரு மச்சான் இருந்தால் இழுப்பு இன்னும் கூடும். அந்த மச்சானையும் அவன் மாடலில் சேர்த்திருந்தான். அதில் அவனுக்குத் தனிப் பெருமை.

இந்த மாடல் எல்லா ஊர்களையும் அலசிவிட்டு, அக்காவின் ஊர் காலியாகப் போகிறது என்று சொன்னது. பத்து வருஷத்தில் பாதி ஆள்கூட மிஞ்சாதாம். ஆள் இல்லாத ஊரில் பிரசவ வார்டு எதற்கு? ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோடு அதைச் சேர்த்துவிடலாம் என்று மாடல் பரிந்துரை எழுதினான். திங்கட்கிழமை செயலாளர் முன்னால் ரிப்போர்ட் வைக்கப்படும். ஒப்புக்கொண்டுவிட்டால் வார்டுக்குப் பூட்டு, மாடலுக்குப் பிரிவுத் தலைவர் பதவி. அந்த வார்டின் தலைமை நர்ஸ் யார் என்றால், அவனுடைய சொந்த அக்கா.

அக்கா என்றால் வெறும் அக்கா இல்லை. அதே ஊர் நூற்பாலையில் வேலை செய்த அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, நர்ஸ் படிப்பு முடித்த கையோடு அந்த வார்டில் சேர்ந்து தம்பியை ஆளாக்கியவள் அவள். அவன் படித்த புத்தகம், போட்ட செருப்பு, விடுதியில் சாப்பிட்ட சோறு எல்லாம் அந்த வார்டுச் சம்பளத்தில் வந்தவை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவனோ உப்புப் போட்ட இடத்தையே மூடச் சொல்லி எழுதிவிட்டான். அதை யாரோ சொல்லி அவள் கேட்கக் கூடாது, தன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினான். அந்த மட்டும் மனசாட்சி இருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கினால், காலியாகப் போகிற ஊரில் கால் வைக்க இடமில்லை. டீக்கடையில் உட்கார இடம் கிடைக்காமல் ஆட்கள் நின்றுகொண்டே குடித்தார்கள். மூடிப்போன நூற்பாலையின் வளாகத்தில் வரிசையாகத் தகரக் கொட்டகைகள். ஒன்றில் தையல் மிஷின்கள் ஓடும் சத்தம், அடுத்ததில் அட்டைப்பெட்டி மடிக்கும் சத்தம். மாடல் இதையெல்லாம் பார்க்கத்தான் செய்தான். கண்ணில் படுவதெல்லாம் புள்ளிவிவரம் ஆகிவிடாது, சனிக்கிழமை என்றால் எந்த ஊரிலும் கூட்டம் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். படித்தவனுக்குக் காரணம் கிடைப்பதா கஷ்டம்!

வார்டுத் தாழ்வாரத்தில் நுழைந்ததும் சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம் அவனை வரவேற்றது. உள்ளே இருந்தது அவனே கையெழுத்துப் போட்டு அனுப்பிய பாராட்டுப் பத்திரம். அதற்கு ஒரு கதை உண்டு. இந்த ஊரில் வீடு வீடாகப் போய் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தது இந்த வார்டு நர்ஸுகள்தான். அவர்கள் அனுப்பிய கணக்கில் குறிப்பு என்ற கட்டத்தில் பல வரிகளுக்கு எதிரே 'பிழை' என்று எழுதியிருந்தது. தப்பாக எழுதிவிட்ட வரிகளை அவர்களே அடையாளம் காட்டியிருக்கிறார்கள் என்று மாடலுக்கு ஒரே பூரிப்பு. பிழை என்று இருந்த வரிகளையெல்லாம் கணக்கிலிருந்து நீக்கினான்.

ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரருக்குத் தசமம் என்று பெயர்; எதைச் சொன்னாலும் புள்ளிக்குப் பிறகு எவ்வளவு என்று கேட்பவர். அவர்கூட, "என்னய்யா, மூணுல ஒரு பங்கு பிழையா?" என்று கேட்டார். "எங்க அக்கா ஊரு சார். எழுதத் தெரியலைன்னாலும் ஒத்துக்கத் தெரிஞ்சவங்க" என்று மாடல் நெஞ்சை நிமிர்த்தினான். அதோடு நிற்காமல் பாராட்டுப் பத்திரம் வேறு அனுப்பிவைத்தான். 'கணக்கெடுப்பில் பிழைகளைத் தவறாமல் குறித்தமைக்குப் பாராட்டுகள்.' அதைத்தான் இங்கே துடைத்து மாட்டி வைத்திருந்தார்கள்.

"வாடா மாடலு!" அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்ன சொல்லாம கொள்ளாம? பொண்டாட்டி துரத்திட்டாளா?"

"பார்க்கணும் போல இருந்துச்சுக்கா."

"பார்த்தாச்சுல்ல, விஷயத்தைச் சொல்லு. சின்னதுலேருந்தே நீ தானா வந்து ஒட்டிக்கிட்டு நின்னா, ஒண்ணு காய்ச்சல், இல்லன்னா ஏதாவது பண்ணிட்டு வந்திருப்ப."

இரண்டு டீ வந்தது. தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து மாடல் எல்லாவற்றையும் சொன்னான். இழுப்பு, தூரம், கூலி, மச்சான், பத்து வருஷம், திங்கட்கிழமை. டீ ஆறி ஏடு படிந்தது.

"என்னை எங்க போடுவாங்க?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான்க்கா. குவார்ட்டர்ஸ் எல்லாம் கிடைக்கும்."

"எனக்கென்னடா, பஸ் ஏறிப் போயிடுவேன். வலி வந்தவ எந்த பஸ்ல ஏறுவா?"

"பத்து வருஷத்துல இங்க ஆளே இருக்க மாட்டாங்கக்கா. கணக்கு அப்படித்தான் சொல்லுது."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "அம்மா இந்த ஊருக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகலை. எட்டாம் மாசத்துலயே வலி வந்துடுச்சு. அப்பா யார்கிட்டயோ கைவண்டி கேட்டு, அம்மாவைப் படுக்க வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தாரு. நான் பின்னாலயே ஓடி வந்தேன். நீ பிறந்தே, ஆனா அழவே இல்ல. பிழைக்காதுன்னு வெளிய வந்து சொல்லிட்டாங்க. ஒரு நர்ஸம்மா மட்டும் விடலை. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். முதுகைத் தேச்சு, வாயில ஊதி, என்னென்னவோ பண்ணி உன்னை அழ வச்சாங்க. அந்த அழுகையைக் கேட்டுத்தான்டா நான் நர்ஸ் ஆகணும்னு நினைச்சேன். ஆஸ்பத்திரி ஒண்ணரை மணி நேரம் தள்ளி இருந்திருந்தா, நீ இன்னிக்கு மாடலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல."

கோபத்தோடு சொல்லியிருந்தால் பரவாயில்லை. நேற்று என்ன சமைத்தோம் என்று சொல்வதைப்போலச் சொன்னாள். அந்த நர்ஸம்மா யார், எங்கே இருக்கிறார், உயிரோடாவது இருக்கிறாரா என்று இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடத் தான் கேட்டதில்லை என்பது மாடலுக்கு அப்போதுதான் உறைத்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தான். உள்ளேயிருந்து ஓர் இளம் நர்ஸ் கத்தினாள்.

"அக்கா! ஆறாம் கட்டில் பிழை! வலி முத்திடுச்சு, வாங்க!"

அக்கா எழுந்து ஓடினாள். மாடல் அப்படியே உட்கார்ந்திருந்தான். ஆறாம் கட்டிலில் என்ன பிழை? மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டார்களா? குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டதா? தான் வந்து சொன்ன சேதியில் அக்காவின் கவனம் சிதறி, உள்ளே ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் அந்தப் பாவம் வேறு தன் தலையில் விடியுமே என்று கலங்கினான்.

பெஞ்சின் மறுகோடியில் ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்தான். சட்டை முழுக்க நூல் துணுக்குகள். ஆறாம் கட்டில்காரியின் புருஷன். உட்கார முடியாமல் எழுந்து, நிற்க முடியாமல் மறுபடி உட்கார்ந்தான். பேச்சுக் கொடுத்தால் அவனுக்கும் நல்லது, தனக்கும் நல்லது என்று மாடல், "இந்த ஊரேவா தம்பி?" என்று கேட்டான்.

"இல்ல சார், ரொம்ப தூரம். நாங்க இங்க பிழைக்க வந்தவங்க. தையல் கொட்டகையில வேலை. மச்சான் முன்னாடியே வந்துட்டான், அவன்தான் கூப்பிட்டான்."

மாடல் தன் மாடலிலிருந்தே ஓர் எண் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டதைப்போல அவனைப் பார்த்தான். ஆனால் இவன் எப்படி இங்கே வந்தான்? இந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் என்று கணக்கில் அநேகமாக யாருமே இல்லையே!

உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. இளைஞன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதான். அக்கா வியர்வையோடு வெளியே வந்து, "பொண்ணு பிறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, போய்ப் பாரு" என்றாள். அவன் கும்பிட்ட கையை இறக்காமலே உள்ளே போனான்.

"ஏதோ பிழைன்னாங்களேக்கா? ஒண்ணும் ஆகலையே?"

"என்ன பிழை? சுகப்பிரசவம்டா."

"ஆறாம் கட்டில் பிழைன்னு அந்தப் பொண்ணு கத்துச்சே."

அக்கா ஒரு கணம் முழித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. "அட லூசு! பிழைன்னா பிழைக்க வந்தவங்கடா. அவசரத்துல யார் அவ்வளவு நீட்டிச் சொல்றது? அஞ்சாம் கட்டில் உள்ளூர், ஆறாம் கட்டில் பிழை. இங்க அப்படித்தான் பேசிக்குவோம். பிழைக்க வந்தவங்கன்னா கூடமாட ஒத்தாசைக்குப் பெரியவங்க யாரும் இருக்க மாட்டாங்க, நாமதான் கூட நிக்கணும்னு ஞாபகம் வச்சுக்க."

மாடல் அவசரமாகக் கேட்டான்: "பேசறது மட்டும்தானா? எழுதறதும் அப்படித்தானா?"

"எழுதறதும்தான். வீடு வீடாக் கணக்கெடுக்கப் போனப்பகூட, எந்த வீட்டைத் தட்டினாலும் 'நாங்க பிழைக்க வந்தவங்கம்மா'ங்கறாங்க. முழுசா எழுதினா கை என்னத்துக்கு ஆகும்? பிழைன்னு போட்டாப் போதும்னு நான்தான் சொன்னேன்."

மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் ஒழுங்காக 'வெளியூர்' என்று எழுதியிருந்தார்கள். மாடல் எழுந்து போய்ச் சுவரிலிருந்த கண்ணாடிச் சட்டத்தின் முன்னால் நின்றான். பிழைகளைத் தவறாமல் குறித்தமைக்கு. அவனுடைய கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

"இது வந்தப்ப என்ன நினைச்சீங்க எல்லாரும்?"

"என்ன நினைப்போம்? அங்கங்க பிழைக்க வந்தவங்களை ஒரு மனுசங்களாவே மதிக்கறதில்ல. நம்ம தம்பி அவங்களைக் கணக்குல எடுத்துக்கிட்டு, அதுக்குப் பாராட்டு வேற அனுப்பியிருக்கானேன்னு பெருமைப்பட்டோம். அதான் கண்ணாடி போட்டு மாட்டினேன்."

"அத்தனை பேரையும் அழிச்சிட்டேன்க்கா" என்றான் மாடல். "தப்பா எழுதின வரின்னு நினைச்சு அழிச்சிட்டேன். போனவங்க எல்லாம் கணக்குல இருக்காங்க, வந்தவங்க ஒருத்தர்கூட இல்ல. ஊரு காலியாகாம என்ன செய்யும்?"

"அடப்பாவி!" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அவன் தலையிலும் ஒன்று வைத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "நானாவது முழுசா எழுதித் தொலைச்சிருக்கணும்."

யார்மேல் எவ்வளவு தப்பு என்று பங்கு பிரிக்க நேரமில்லை. மாடல் முதலில் தசமத்துக்குப் போன் போட்டான். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "ரிப்போர்ட் அச்சாகிப் போயிடுச்சுய்யா. கடைசிப் பக்கத்துல அடிக்குறிப்பா ஒரு வரி சேர்த்துடுவோம். யார் படிக்கப் போறாங்க? பதவி வரட்டும், அப்புறம் மெதுவாத் திருத்திக்கலாம்" என்றார்.

"அதுக்குள்ள வார்டைப் பூட்டிடுவாங்க சார். நான் நம்ம துறை இயக்குநர் அம்மாகிட்ட சொல்லிடறேன்."

"பிழைக்கத் தெரியாத ஆளுய்யா நீ!" என்றார் தசமம். வேறொரு நாளாக இருந்திருந்தால் மாடல் சிரித்திருப்பான்.

இயக்குநர் அம்மா சிரித்து யாரும் பார்த்ததில்லை. போனில் முழுவதையும் கேட்டுக்கொண்டார். "நாளைக்கு ஆபீஸைத் திறந்து வைக்கச் சொல்றேன். வரிகளைத் திரும்பச் சேர்த்து ஓட்டிப் பாருங்க. திங்கட்கிழமை இதை நீங்களே எழுந்து சொல்லணும்" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாடல் ஆபீசுக்குப் போனபோது, திட்டிக்கொண்டே தசமமும் வந்திருந்தார். இருவருமாக நீக்கிய வரிகளைத் திரும்பச் சேர்த்தார்கள். தையல்காரர், அட்டைப்பெட்டி மடிப்பவர், அவர் மனைவி, மனைவியின் தம்பி என்று ஊர் திரும்பி வந்தது. மாடலில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. இரை சரியாகப் போட்டதும் அது சரியாகப் பேசியது. பழைய ஆட்கள் தலைநகரைப் பார்த்துப் போகிறார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளின் குறைந்த வாடகைக்கும் கொட்டகை வேலைக்கும் புது ஆட்கள் வருகிறார்கள். பின்னாலேயே மச்சான்கள் வருகிறார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கல்யாணமாகிச் சில வருஷமே ஆனவர்கள். பிரசவ வார்டு தேவையில்லை என்று சொன்ன ஊரில்தான் பகுதியிலேயே அதிகமாகக் குழந்தைகள் பிறக்கப் போகின்றன. தசமம் முதல்முறையாகப் புள்ளிக்குப் பிறகு எவ்வளவு என்று கேட்க மறந்தார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் மாடல் எழுந்து நின்றான். மழுப்பாமல் சொன்னான். செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"அதாவது, பிழைக்க வந்தவங்களை எல்லாம் பிழைன்னு தூக்கிப் போட்டுட்டீங்க."

"ஆமாங்க ஐயா."

"அதுக்குப் பாராட்டுப் பத்திரமும் கொடுத்திருக்கீங்க."

"ஆமாங்க ஐயா."

யாரோ அடக்க முடியாமல் சிரிக்க, அறை மொத்தமும் சிரித்தது. மாடல் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பு அடங்கியதும் செயலாளர் கேட்டார்: "நீங்க சொல்லாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஏன் சொன்னீங்க?"

மாடல் நிமிர்ந்தான். "எங்க அப்பாவும் அந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்தாங்க. நான் அந்த வார்டுலதான் பிறந்தேன். அழிச்சதுல நானும் ஒருத்தன்."

அப்போது இயக்குநர் அம்மா எழுந்தார். "அந்த ரிப்போர்ட்ல என் கையெழுத்தும் இருக்கு. மூணுல ஒரு பங்கு பிழைன்னா, ஏன்னு நானும் கேட்டிருக்கணும், கேட்கலை. பழசை வாபஸ் வாங்கிக்கறேன். புதுசைப் பார்த்து முடிவு எடுங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். இன்றைக்கும் மாடல் அந்தப் பக்கம் போனால் அவர் அறைக்கு முன்னால் நடையைக் கொஞ்சம் மெதுவாக்குவான். மேலே இருப்பவர் தன்மேல் பாதிப் பழியை ஏற்றுக்கொள்வது எவ்வளவு அபூர்வம் என்று உத்தியோகம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முடிவு அன்று மதியமே வந்துவிட்டது. வார்டு அங்கேயே இருக்கும். கூடுதலாகக் கட்டில்களும் போகும். பிரிவுத் தலைவர் பதவி தசமத்துக்குப் போனது. அவர் கூச்சப்பட்டுக்கொண்டு மாடலுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மாடலுக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது கதை, கொஞ்சம் இருந்தது. ஆனால் டீ ருசித்தது.

ஆபீஸ் படிக்கட்டில் நின்று அக்காவைப் போனில் கூப்பிட்டான். எடுத்தவுடன் அவள், "வேலை இருக்கா?" என்றாள்.

"இருக்குக்கா."

"பதவி?"

"போச்சு. வார்டு இருக்கும். கட்டில் வேற வருது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஆறாம் கட்டிலாகவும் இருக்கலாம். மாடல் சட்டென்று சொல்லிவிட்டான்.

"அக்கா, ரொம்ப நன்றிக்கா. படிக்க வச்சதுக்கு. எல்லாத்துக்கும். ஒரு நாள்கூட நான் சொன்னதில்ல."

அந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னது கிடையாது. அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "என்னடா இது, செத்தவங்க வீட்டுல பேசற மாதிரி! வையி போனை. கட்டில் போட இடம் பார்க்கணும்."

"அக்கா, அந்த நர்ஸம்மா எங்க இருக்காங்க? அவங்களையும் பார்க்கணும்."

"இருக்காங்க. ரிட்டையர் ஆகி, பேரன் பேத்தியோட. ஞாயித்துக்கிழமை வா, கூட்டிட்டுப் போறேன்." உடனே குரலைக் கடுமையாக்கிக்கொண்டாள். "அவங்ககிட்டயும் சொல்றேன், நீங்க ஊதி ஊதிக் காப்பாத்தின பிள்ளை பண்ணின காரியத்தைப் பாருங்கன்னு. ஊரையே அழிச்சுட்டு வந்து நன்றியாம் நன்றி! உன்னை என்ன பண்ணினாலும் தகும், தெரியுமா?"

"தெரியும்க்கா."

"சரி, சரி" என்றாள் அக்கா. "பிழைச்சுப் போ."